தியோடர் சாரின் வரைபடம்

8 ஜனவரி 2007, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். எலும்பு மஜ்ஜை ஸ்லைடு ஒன்றின் ஓரத்தில் தேதி எழுதும்போது 2006 என்று எழுதிவிட்டேன். ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்பே பார்த்துத் திருத்தினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

பிரிட்டன் வேலைக்குத் தயார்படுத்தும் மாலை வகுப்பில் இதைப் படித்துக் காட்டியபோது தியோடர் சார் முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது? இதெல்லாம் ஒரு தப்பா? தப்புன்னா ஒரு வெயிட் வேணாமா?”

“சின்னத் தப்பா எழுதச் சொன்னீங்க சார்.”

“சின்னதுதான். ஆனா படிக்கிறவனுக்கு அய்யோன்னு இருக்கணும், அடுத்த வரியில அப்பாடான்னு இருக்கணும். உன்னுதுல ரெண்டும் இல்லியே.”

இந்த நாட்குறிப்பே அவர் உத்தரவுதான். பிரிட்டனில் மருத்துவர்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, தன் தவறை ஒப்புக்கொள்ளும் மருத்துவர் என்றால் உயிராம். அதனால் வகுப்பிலுள்ள எட்டுப் பேரும் தினமும் ஒரு தவறையும், கீழே மறுநாள் வேலையையும் எழுத வேண்டும். நோயல் இந்த வாரத்துக்கான தவறுகளை நேற்றே எழுதி முடித்துவிட்டான். பரத்தின் தவறு: ‘நான் அளவுக்கு மீறி உழைக்கிறேன்.’ அதற்கு சார் ‘வெரி குட்’ போட்டார். நான் முதலில் தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன். நேராக ஆங்கிலத்தில் எழுதினால் என் தவறுகள் எல்லாம் சாதனைகள் போல ஒலிக்கின்றன.

முதல் நாள் தன்னைப் பற்றியும் எழுத வேண்டுமாம். பெயர் சங்கமித்ரா. ஊர் பெங்களூரு, ஜோகுபாளையம். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தநோய் வார்டில் வேலை. ஹெமட்டாலஜியில், அதாவது இரத்தநோய் மருத்துவத்தில், சிறப்புப் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது ஆசை. பிரிட்டனில் இந்த வருடம் புது முறை. எல்லாம் கம்ப்யூட்டரில். நாட்டை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். நான்கு வட்டாரங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள வட்டாரத்தை முதலில் போட்டவன் காலி என்கிறார் சார். அடுத்த வருடம் வெளிநாட்டவருக்குக் கதவு திறந்திருக்குமா என்பதே சந்தேகம். இதை விட்டால் சளிக்கும் சர்க்கரைக்கும் மருந்து எழுதியே நான் ஓய்வுபெற வேண்டியதுதான்.

நாளை: இன்னும் கனமான தவறு ஒன்றைத் தேட வேண்டும்.

16 ஜனவரி, செவ்வாய்

இன்றைய தவறு: புரியாத இடத்தில் தலையாட்டினேன்.

வகுப்பு அல்சூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். சுவரில் பிரிட்டன் வரைபடம். தியோடர் சார் லண்டனில் பதினொரு மாதம் இருந்தவர். லண்டனைத் தாண்டி அவர் போனது ஒரே ஒரு முறை, அதுவும் ரயிலில் தூங்கிவிட்டதால். ஆனால் எல்லா வட்டாரமும் அவருக்கு அத்துப்படி. எங்களுக்குப் புரிவதற்காக எல்லாவற்றையும் பெங்களூராக மாற்றிச் சொன்னார்.

“லண்டன்னா எம்.ஜி. ரோடு. எல்லாரும் போவான், நிக்க எடம் இருக்காது. யார்க்‌ஷயர் மல்லேஸ்வரம். பரம்பரையா இருக்கிறவங்க, நம்மளை உள்ள விடறதுக்கு யோசிப்பாங்க. ஸ்காட்லாந்து எலஹங்கா. காத்து நல்லாருக்கும், போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது போயிடும். வடகிழக்கு இங்கிலாந்து இருக்கே, அது பீன்யா. ஃபேக்டரி, புகை. ஒருத்தனும் எட்டிப்பாக்க மாட்டான்.”

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பரத் கை தூக்கினான். “சார், வேல்ஸ் எங்கீங்க சார்? உங்க கோட்டு தொங்குதுங்க அந்த எடத்துல.”

உண்மைதான். வேல்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஆணி அடித்து சார் தன் கம்பளிக் கோட்டை மாட்டியிருந்தார்.

“அது கே.ஜி.எஃப். பெங்களூர்லயே சேராது. சுரங்கத்தை மூடிட்டாங்க, இப்ப மலையும் மழையும்தான் மிச்சம். விடு.”

“சார், கே.ஜி.எஃப். எங்க ஊரு சார்” என்றான் நோயல்.

“அதான் உனக்கே தெரியுமே. நீ ஏன் அங்க இல்லாம இங்க இருக்கே?”

எல்லோரும் சிரித்தோம். நோயலும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

வகுப்பு முடிவதற்குள் நிஜப் பெயர்கள் எங்கள் வாயிலிருந்து போய்விட்டன. “மல்லேஸ்வரத்துல மழை பெய்யுமா சார்?” என்று ஒருவன் சீரியஸாகக் கேட்டான். சார் அதே சீரியஸோடு, “வருசம் பூரா” என்றார்.

நாளை: வட்டாரங்களுக்கு ஒரு அட்டவணை தயாரிக்க வேண்டும்.

21 ஜனவரி, ஞாயிறு

தவறு: அட்டவணையை வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி விரித்து வைத்தேன்.

போட்டி, மழை, வாடகை, தமிழ்க் கடை, நூலகம், விமான நிலையத்தின் தூரம் என்று ஆறு பத்திகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் லண்டன் முதலில் வந்தது. பயமாக இருந்தது. போட்டிக்கு மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கினேன். ஸ்காட்லாந்து வந்தது. குளிரை நினைத்து மழைக்குக் கூட்டினேன். மறுபடி லண்டன். திருத்தத் திருத்த, எந்த விடையும் எனக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெளிவானது.

அம்மா வெங்காயம் உரித்தபடி எட்டிப் பார்த்தாள்.

“இதுல எந்த ஊர்ல குளிராது?”

“எல்லா ஊர்லயும் குளிரும்மா.”

“எல்லா ஊர்லயும் ஆஸ்பத்திரி இருக்குதா?”

“இருக்கு.”

“அப்புறம் எதுக்குடி இவ்ளோ கட்டம் போட்டு வெச்சிருக்கே? நீ என்ன கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்குறியா?”

அப்பா இருபது வருடமாக பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். வடகிழக்கு இங்கிலாந்தை சார் எதோடு ஒப்பிட்டார் என்று சொன்னதும் பேப்பரை மடித்து வைத்தார்.

“பீன்யான்னா உங்க சாருக்கு அவ்ளோ கேவலமா? எந்த ஸ்டாப்புல எறங்குனாராம் அவரு?”

“அவர் போனதே இல்லப்பா.”

“பீன்யாவுக்கா, வடகிழக்கு இங்கிலாந்துக்கா?”

இரண்டுக்கும் என்று சொல்ல வாய் வந்தது; அட்டவணையைச் சுருட்டினேன்.

நாளை: மதிப்பெண் முறையை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

25 ஜனவரி, வியாழன்

இன்றைய தவறு: என்னிடம் ஏதோ இருக்கிறது என்று நம்பினேன்.

வகுப்பு முடிந்து இறங்கும்போது சார் மாடிப்படியில் நிறுத்தினார். கீழே பேக்கரியில் காரா பன் வெந்துகொண்டிருந்த வாசனை. குரலைத் தாழ்த்தினார்.

“யார்கிட்டயும் சொல்லாதே. பசங்க எல்லாம் எம்.ஜி. ரோடு, மல்லேஸ்வரம்னு அலையறானுங்க. நீ மொதல்ல பீன்யா போடு. ஆளே இருக்காது. நேரா உள்ள.”

“எனக்கு மட்டும் ஏன் சார் சொல்றீங்க?”

“உன்கிட்ட ஒரு இது இருக்கும்மா.”

அங்கே போக என்ன காரணம் சொல்வது என்பதையும் அவரே கொடுத்தார்: ஆற்றின் மேல் அழகான பாலம், கால்பந்து, அன்பான மக்கள்.

பிறகு நோயலும் பரத்தும் நானும் காபி குடிக்கப் போனோம். நின்றுகொண்டே குடிக்கும் கடை. இரண்டு காபியை மூன்றாகப் பிரித்து வாங்கினோம். “நான் லண்டன்தான் குரு, வந்தா மலை போனா மசுரு” என்றான் நோயல். பரத், “நானுங்க யார்க்‌ஷயர்” என்றான். அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் ஸ்காட்லாந்து என்று சொன்னேன். வீடு வரைக்கும் அந்த ‘இது’ என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பொறுமையா? கையெழுத்தா?

நாளை: பாலத்தைப் பற்றிப் படிக்க வேண்டும்.

30 ஜனவரி, செவ்வாய்

இன்று மாதிரி நேர்காணல். சார் கோட்டை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். மற்றவர்கள் பார்வையாளர்கள். முதலில் பரத்.

“உங்கள் முதல் விருப்பம் எந்த வட்டாரம்?”

“வடகிழக்கு இங்கிலாந்துங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பரத் பாலத்தில் தொடங்கினான், கால்பந்தைத் தொட்டான், அன்பான மக்களில் முடித்தான். அடுத்து நோயல். எழுந்து நின்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஆற்றின் மேல் ஓர் அழகான பாலம்” என்று தொடங்கினான். பின்வரிசையில் யாரோ விக்கினார்கள். மூன்றாவது ஆளும் பாலம். நான்காவது ஆள் புதுமையாக இருக்கட்டும் என்று அன்பான மக்களை முதலில் சொன்னார். சார் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

“சார்,” என்றான் நோயல், “உங்க ‘இது’ எங்க எட்டுப் பேர்கிட்டயும் இருக்கா?”

“ஏன், இருக்கக் கூடாதா?”

“ஒருத்தனும் எட்டிப்பாக்க மாட்டான்னீங்க. இந்த ரூம்லேர்ந்தே ஒரு வேன் கெளம்புது.”

“கத்தாதே. ஒவ்வொருத்தருக்கும் பெஸ்ட் எதுவோ அதைச் சொன்னேன். எட்டுப் பேருக்கும் பெஸ்ட் ஒண்ணா இருந்தா நான் என்னா பண்றது?”

கோபத்தோடு என் பக்கம் திரும்பினார். என் முறை. வட்டாரத்தைக் கேட்க அவருக்கே தைரியமில்லை போல.

“சரி, நீ சொல்லு. ஏன் ஹெமட்டாலஜி?”

இந்தக் கேள்விக்கு யாரும் பயிற்சி எடுக்கவில்லை. வாயைத் திறந்தேன். “நான் என் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்பவள்” என்று வந்தது. அறையே சிரித்தது. சார்கூடச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைய தவறு அதுதான். ஆங்கிலத்தில் மாற்றப் போவதில்லை.

காபிக் கடையில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: எல்லோரும் பீன்யாவுக்கு ஓடுவதால் எம்.ஜி. ரோடு காலியாக இருக்கும். கிளம்பும்போதே, அதே முடிவுக்கு எட்டுப் பேரும் வந்திருக்கிறோம் என்பது பரத்துக்கு உறைத்தது. “அப்ப மறுபடி பீன்யாவுங்களா?” என்றான்.

நாளை: அந்தக் கேள்விக்குப் பதில்.

31 ஜனவரி, புதன்

வார்டில் அசோகன் மறுபடி சேர்ந்திருக்கிறார். வயது முப்பத்து நான்கு. பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் துணி வெட்டுபவர். ஹீமோஃபிலியா, அதாவது பிறவியிலேயே இரத்தம் உறையாத நோய். முழங்காலுக்குள் கசிய ஆரம்பித்தால் அவருக்கே தெரிந்துவிடும். உறையவைக்கும் மருந்தை, ஃபாக்டர் என்பார்கள், உடனே ஏற்றினால் மறுநாள் வேலைக்குப் போகலாம். அவர் ஓசூர் ரோடு நெரிசலில் பஸ் பிடித்து, எங்கள் வாசலில் சீட்டு வாங்கி, வார்டுக்கு வருவதற்குள் கால் பூசணிக்காய் ஆகிவிடுகிறது. பிறகு ஒரு வாரம் படுக்கை.

“சில நாட்டுல இதை வீட்டுலயே அவங்களே போட்டுக்குறாங்க” என்று ஐஸ் வைத்தபடி சொன்னேன்.

“அப்புறம் ஏன் டாக்டர் எனக்கு யாரும் சொல்லித் தரல?”

“எங்களுக்கே யாரும் சொல்லித் தரல. மருந்து எவ்வளவு, எப்போ, வீட்டுல எப்படி வெக்கறது, ஊசி தப்பாப் போனா என்ன பண்றது, எல்லாம் இருக்கு.”

“நீங்க ஃபாரின் போறீங்களாமே. நர்சம்மா சொன்னாங்க. கத்துக்கிட்டு வருவீங்களா?”

“வருவேன்.”

“போனவங்க யாரு டாக்டர் திரும்பி வந்தாங்க?”

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து ஒருவர்தான் வந்திருக்கிறார். தியோடர் சார். ஐஸ் பையைத் திருப்பி வைத்தேன்.

“கத்துக்கிட்டு வந்தாலும் மருந்து வேணுமே” என்று அவரே தொடர்ந்தார். “அதையும் கையோட கொண்டாந்துடுங்க.” சிரிக்கப் போய் கால் அசைந்து முகம் சுருங்கியது.

சாயங்காலம் என் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். தமிழ்க் கடைக்குப் பத்தி இருந்தது. அங்கே போய் என்ன கற்றுக்கொள்ளப் போகிறேன் என்பதற்குப் பத்தி இல்லை. இரண்டு வாரம் கோடு போட்டிருக்கிறேன்.

வகுப்புக்குப் போகாமல் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஹீமோஃபிலியாவுக்கென்று பிரிவு உள்ள ஒரு மருத்துவமனைக்கு ஒரே ஒரு கேள்வியோடு மின்னஞ்சல் அனுப்பினேன்: நோயாளிகளுக்கு வீட்டிலேயே ஊசி போடக் கற்றுத்தரும் வேலையில் பயிற்சி மருத்துவருக்கு இடம் உண்டா? வேல்ஸுக்கும் ஒன்று அனுப்பினேன், விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. அனுப்பிய பிறகு, இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று வீடு வரும்வரை உறுத்தியது. இன்றைய தவறு இதுதானா என்று இன்னும் தெரியவில்லை.

நாளை: பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4 பிப்ரவரி, ஞாயிறு

விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள். ஆனால் நாளைதான் காவிரித் தீர்ப்பும் வருகிறது. கலவரம் வரலாம் என்று பிரவுசிங் சென்டர்காரர் நாளை ஷட்டரைத் திறப்பதாக இல்லை. தியோடர் சார் பெயர்ப்பலகையில் தமிழில் இருந்த வரியின் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டு வகுப்பை மூடிவிட்டார். எனவே எல்லோரும் இன்றே விண்ணப்பித்தாக வேண்டும்.

பதில்கள் இதுவரை நான்கு. ஒன்று, நான் விடுப்பில் இருக்கிறேன் என்று இயந்திரம் அனுப்பியது. ஒன்று, இணையதளத்தைப் பார்க்கவும். வடகிழக்கிலிருந்து வந்தது அன்பான பதில்தான்: நர்ஸுகள் செய்கிறார்கள், பயிற்சி மருத்துவர்கள் கிளினிக்கில் இருப்பார்கள். நான்காவது வேல்ஸிலிருந்து, ஒரு மருத்துவர் அம்மாள் எழுதியது. பல வருடமாகச் செய்கிறோம், மலைக் கிராமங்களில் வீடு வீடாக நர்ஸோடு பயிற்சி மருத்துவரும் போவார், நீங்களே கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். தேர்வுக் குழுவில் நான் இல்லை, அதனால் வேறு உதவி செய்ய முடியாது என்றும் எழுதியிருந்தார்.

சென்டரில் நோயலும் பரத்தும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு தட்டினார்கள். நான் முதல் இடத்தில் வேல்ஸைப் போட்டேன். எடுத்துவிட்டு பீன்யாவைப் போட்டேன். மறுபடி வேல்ஸைப் போட்டேன். நோயல் எட்டிப் பார்த்துவிட்டான்.

“வேல்ஸா? ஃபர்ஸ்ட்டா? ஒரு கே.ஜி.எஃப்.லேர்ந்து ட்ரெயின் புடிச்சித் தப்பிச்சி வந்தவன் நான். நீ போய் இன்னொரு கே.ஜி.எஃப்.க்கு டிக்கெட் எடுக்குறியே. நட்டு கழண்டுடுச்சா?”

“எனக்கு வேண்டியது அங்கதான் இருக்கு.”

அவன் முகம் மாறியது. “ஏய், உனக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. அங்க சீட்டு ஜாஸ்தியா? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல நோயல். நான் கேட்டேன்.”

“கேட்டியா? அவங்களையா?” அப்படி ஒரு வழி இருப்பதை அவன் அப்போதுதான் கேள்விப்படுகிறவனைப் போலப் பார்த்தான். பிறகு நான் எழுதியிருந்த காரணத்தைப் படித்தான். அசோகனின் பெயர் இல்லாமல், அவர் முழங்காலையும் ஓசூர் ரோட்டையும் பற்றி எழுதியிருந்தேன்.

“ஸக்கத்தா இருக்கு, சூப்பரு. இதை நானும் போட்டுக்கட்டா? ரெண்டு வார்த்தை மாத்திடுறேன்.”

“அவர் என் பேஷன்ட் நோயல். உன் வார்டுல யாரும் இல்லையா?”

கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்தான். “இருக்காங்க... பத்தாம் நம்பர் பெட்டு. பேரு வரமாட்டேங்குது.”

தன் திரைக்குத் திரும்பினான். பரத்திடம் ஏதோ முணுமுணுத்தான். நான் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது இருவர் திரையிலும் முதல் இடத்தில் வேல்ஸ் இருந்தது. மழையும் மலையும் என்று ஒதுக்கப்பட்டிருந்த வட்டாரத்துக்கு என் கண்ணெதிரிலேயே போட்டி வந்துவிட்டது, அதுவும் என்னால்.

திரும்பிப் போய் என் வரிசையை மாற்றலாமா என்று பேக்கரி வாசலில் நின்றேன். மாற்றினால் எங்கே போவேன்? பாலத்துக்கா? அப்படியே விட்டுவிட்டேன். அது தவறா என்பது மார்ச்சில் முடிவு வரும்போது தெரியும்.

நாளை: கடை எதுவும் இருக்காது. வார்டுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும்.

6 பிப்ரவரி, செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. தெருவில் போலீஸ் நிற்கிறது. மற்றபடி அமைதி. சார் வகுப்பைத் திறந்தார்.

எட்டில் ஆறு பேர் வேல்ஸை முதலில் போட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நோயல் ‘யாருக்கும் சொல்லாதே’ என்று சொல்லியே சொல்லியிருக்கிறான். தியோடர் சார் கொஞ்சமும் அசரவில்லை.

“நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேனே, வேல்ஸ்ல கூட்டமே இல்லைன்னு.”

“விடுன்னீங்க சார்” என்றேன்.

“விடுன்னுதான் சொன்னேன். நீங்க விடலை. அதான் டிரெயினிங்.” அடுத்த குழுவுக்கான விளம்பரத்தில் ‘வேல்ஸ் ஸ்பெஷல்’ என்று சேர்க்கச் சொல்லி பேக்கரிக்காரரின் தம்பி நடத்தும் அச்சகத்துக்கு ஆளனுப்பினார்.

அவரவர் ஏன் வேல்ஸ் என்று கேட்டபோது மற்ற ஐந்து பேரும் மலைக் காற்று என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எண்களை வைத்துப் பார்த்தால் என் வாய்ப்பு ஒரு வாரத்துக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. ஆனால் நேர்காணலுக்குக் கூப்பிட்டால், ஏன் என்று கேட்டால், சொல்ல ஒன்று இருக்கிறது. அது போதுமா என்று தெரியாது.

மாலை ஒரு மின்னஞ்சல். விண்ணப்பித்துவிட்டேன் என்று அந்த மருத்துவர் அம்மாளுக்கு நன்றி எழுதியிருந்தேன். அதற்கு இரண்டே வரிப் பதில்: நல்லது. அந்த மலைகளில் பஸ் அபூர்வம், உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?

தெரியாது. சைக்கிள்கூட அரைகுறை. தெரியும் என்று எழுதிவிட்டுப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இப்போது தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.

நாளை: காலை பத்து மணிக்கு இந்திராநகர் ஆர்.டி.ஓ. அலுவலகம். கார் பழக எல்.எல்.ஆர். விண்ணப்பம். இரண்டு போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று எடுத்துப் போக வேண்டும்.